ஷார்ஷென்பெக் பிறை

பேராசிரியர் ஷார்ஷென்பெக்கின் அறுபதாம் பிறந்தநாளன்று, அவர் இயக்குநராக இருந்த பிஷ்கேக் நகரத்துத் திசு ஆய்வு நிலையத்தில் கூண்டு எலிகளைத் தவிர எல்லாரும் கைதட்டினார்கள். தோளில் புதுச் சபான் அங்கி, தலையில் வெள்ளைக் கல்பாக் தொப்பி. இனி அகாடமி உறுப்பினர் பதவி ஒன்றுதான் பாக்கி. அதற்குத் தலையசைக்க வேண்டிய அல்மாஸ்பெக் நேரிலேயே வந்திருந்தார்.

"எங்க, அந்தப் பிறையைக் காட்டுங்க" என்றார்.

பிறை என்பது பேராசிரியரின் கண்டுபிடிப்பு. செல்லுக்குள் கருப்பாக வளைந்து கிடக்கும் ஏதோ ஒன்று. அவருடைய பழைய ஒற்றைக்குழல் நுண்ணோக்கியில் மட்டுமே தெரியும். புதுக் கருவிகளுக்கு அந்தப் பக்குவம் இல்லை என்று எழுதியிருந்தார். ஈரலிலும் தெரிந்தது, சிறுநீரகத்திலும் தெரிந்தது. ஸ்லைடை நகர்த்தினாலும் நகராது. அதற்குப் 'பிறையின் நிலைத்தன்மை' என்று தனி அத்தியாயமே உண்டு. கருவியைத் துடைக்க யாரையும் விட்டதில்லை.

புருல்சா என்ற மாணவி ஒருமுறை, "தூசி மாதிரி இருக்கு, அகாய்" என்றாள். அங்கே ஆசிரியரை அகாய் என்றுதான் அழைப்பார்கள். அகாய் அவளைக் கண் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார், வகுப்பே சிரித்தது. இப்போது அவள் சந்தையில் செருப்பு விற்கிறாள்.

அல்மாஸ்பெக் குனிந்து ஈரல் ஸ்லைடைப் பார்த்தார். "அட, இருக்கே."

பேராசிரியர் தொப்பியை நிமிர்த்திக்கொண்டார்.

துணை இயக்குநர் ஜோல்தோஷ் பணிவாக முன்னால் வந்தார். "இருங்க, இன்னும் நல்லாத் தெரியட்டும்" என்று, கண் வைத்துப் பார்க்கும் வில்லையை மெல்லத் திருகினார்.

"இது சுத்துதேய்யா."

"ஈரலும் சுத்துதுங்களா?"

"இல்லையே. ஈரல் பாட்டுக்கு இருக்கு. பிறை மட்டும்…"

அல்மாஸ்பெக் நிமிர்ந்தார். வில்லையைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அதற்குள் இருந்த இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஒரு மயிர்.

"யாரோட இமை முடிங்க இது?" என்று பேராசிரியரைக் கேட்டார்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பேராசிரியர் கோபப்பட்டாவது தப்பித்திருப்பார்.

ஆடு அறுத்தாகிவிட்டது, விருந்தை நிறுத்த முடியாது. வேகவைத்த தலை அன்றைய பெரிய மனிதர் முன்னால்தான் வைக்கப்படும். தட்டைத் தூக்கி வந்தவன் வழக்கப்படி பேராசிரியரை நோக்கி நடந்தான். அல்மாஸ்பெக் மோவாயால் ஜோல்தோஷைக் காட்டினார். தட்டு திரும்பியது.

"உனக்கு எப்பலேர்ந்துடா தெரியும்?" என்று பக்கத்திலிருந்த ஜோல்தோஷிடம் பேராசிரியர் முணுமுணுத்தார்.

"வேலைக்குச் சேர்ந்த மாசமே, அகாய்."

"ஏன் சொல்லல?"

"தெரியுதான்னுதானே கேட்டீங்க? தெரிஞ்சுது."

ஜோல்தோஷ் கத்தி முனையால் ஆட்டின் கண்ணை நோண்டி எடுத்தார். யாரை அடிக்கடி பார்க்க ஆசையோ அவருக்குக் கொடுப்பது அது. வேண்டாம் என்று சொல்ல முடியாது.

"சாப்பிடுங்க, அகாய். உங்களை தினமும் பாக்கணும் எனக்கு. நாளையிலேர்ந்து எலிக்கூண்டுப் பக்கம் மேசை போடச் சொல்லியிருக்கேன்."

ஷார்ஷென்பெக் வாயைத் திறந்தார். அவர் மெல்லுவதை எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விழுங்கியதும் கைதட்டினார்கள்.