சேர்த்து எடை போடக் கூடாத பிள்ளைகள்

புலாவ் செபாங் ஊரில் இருக்கும் உஷாராணியின் இரண்டு பெண் பிள்ளைகளையும் தனித்தனியாக எடை போட்டால் ஒருத்தி ஒரு கிலோ எண்ணூறு, இன்னொருத்தி ஒரு கிலோ தொள்ளாயிரம். சேர்த்துப் போட்டால் ஐந்து கிலோ நானூறு. பத்து வாரம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பும் நாளன்று, அவசரத்தில் ஒரு தாதி இருவரையும் ஒரே தராசில் கிடத்தியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. தராசில் பழுது என்று வேறொன்று கொண்டுவந்தார்கள். அதுவும் அதையே சொன்னது. பழுது பார்ப்பவர் வந்து, சோதித்ததற்கு அடையாளமாகப் பச்சை நிறத்தில் ஓர் ஒட்டுத்தாளை ஒட்டிவிட்டுப் போனார். அப்போதும் ஐந்து கிலோ நானூறுதான். அன்றைக்கே மூன்று கூட்டம் போட்டு, அந்தப் பிள்ளைகளைச் சேர்த்து எடை போடக் கூடாது என்று நிர்வாகம் சுவரில் அறிவிப்பு ஒட்டியது. பிரச்சினை தீர்ந்தது என்று கோப்பையும் மூடினார்கள். அந்த ஆஸ்பத்திரியில் வேறு எதற்கும் இத்தனை சீக்கிரம் தீர்வு கிடைத்ததில்லை.

கூடுதலாக வந்த ஒரு கிலோ எழுநூறு யாருடையது என்று உஷாராணிக்குத் தெரியும். இருபத்தேழாம் வாரத்தில் அவளுக்குப் பிறந்தவர்கள் மூன்று பேர். உஷாராணி ஒன்று, உஷாராணி இரண்டு, உஷாராணி மூன்று என்று சீட்டு ஒட்டி மூன்று கண்ணாடிப் பெட்டிகளில் வைத்திருந்தார்கள். மூன்று மணிக்கொரு தரம் பம்பு வைத்துப் பால் எடுப்பாள், மூன்று சின்ன போத்தல்களில் பங்கு போடுவாள், முழங்கை வரை கழுவிக்கொண்டு பெட்டியின் ஓட்டை வழியே விரல் நீட்டுவாள். பிடித்த விரலை விடாதது இரண்டாவதுதான். பதினோராம் நாள் அதன் குடலில் கிருமி ஏறியது, பன்னிரண்டாம் நாள் மதியம் போய்விட்டது. பிறந்து முப்பதாம் நாள் சடங்கு கழியாமல் பேர் வைக்கும் வழக்கமில்லை. ஆகவே பேரில்லாமலே போயிற்று. அவள் கணவர் ஹரிதாஸும் கோயில் தலைவர் பரமேஸ்வரனும் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்தார்கள். பெண்கள் இடுகாட்டுக்குப் போவதில்லை என்பதால் உஷாராணி பால் எடுக்கும் அறையில் உட்கார்ந்திருந்தாள். கை பழக்கத்தில் மூன்று போத்தலும் நிரம்பிவிட்டன.

உறவுக்காரர்கள் மைலோ டின்னும் ஆறுதலுமாக வந்தார்கள். மூன்றுக்கு இரண்டு தேறியது நல்ல மார்க்குதான் என்றார் ஒருவர். மூன்று பிள்ளைக்கு உங்கள் காரில் இடமேது என்று கேட்டார் இன்னொருவர். ஹரிதாஸின் அக்கா இந்திராதேவி அந்தக் குடும்பத்தின் நல்லது கெட்டது எல்லாவற்றையும் முன்னின்று நடத்துபவர். மூன்றாவதை இனிமேல் ரெண்டாவது என்றே எல்லாரும் கூப்பிட வேண்டும் என்று வாட்சப்பில் தகவல் அனுப்பினார். குடும்பம் முழுக்கக் கட்டுப்பட்டது. ஆஸ்பத்திரிக் கணினி மட்டும் கட்டுப்படவில்லை. அதில் எண்ணை மாற்ற வழியில்லையாம். கடைசி நாள் வரை பிள்ளைகள் ஒன்று, மூன்று என்றே இருந்தார்கள். உஷாராணியின் மனசறிந்து நடந்தது அந்தக் கணினி ஒன்றுதான்.

ஹரிதாஸ் லூபோக் சீனா பக்கம் செம்பனை எண்ணெய் ஆலையில் எடைமேடைக் கிராணி. பதினோரு வருஷமாக லாரிகளை நிறுத்துக் கணக்கெழுதுபவர், தராசைத் தவிர எதையும் நம்பாதவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பிள்ளைகளையும் மேடைக்கு நடுவே ஒரு கூடையில் வைத்துவிட்டு உள்ளே போய்ப் பார்த்தார். சுழியம் காட்டியது. இருபது கிலோவுக்குக் குறைந்ததை அந்த மேடை கண்டுகொள்ளாது என்பது அவருக்குத் தெரியாததல்ல, சந்தோஷத்தில் மறந்துவிட்டார். கூடுதலாக ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு வந்து சொன்னார்.

உஷாராணி துணி மடித்துக்கொண்டே கேட்டாள்: "உங்க மேடையில நம்ம ரெண்டு பிள்ளைங்களும் கூடத்தான் இல்ல. அதுங்களையும் இல்லன்னு சொல்லிருவீங்களா?"

அவர் அதற்கப்புறம் வீட்டில் எதையும் நிறுக்கவில்லை.

ஊர் கிளினிக்கில் தாதி மிஸ்ஸி ரஷீதா இருந்தார். ஆஸ்பத்திரி அறிவிப்பு தன்னைக் கட்டுப்படுத்தாது என்று முதலில் இருவரையும் தனித்தனியாகப் போட்டார், பிறகு சேர்த்துப் போட்டார், கழித்தார். பிள்ளைக்கொன்றாக எடை குறிக்கும் இளஞ்சிவப்புப் புத்தகத்தில் மூன்றாவதாக ஒன்றை எடுத்து, வந்ததை அதில் புள்ளியாக வைத்தார். வாரா வாரம் புள்ளி ஒரு கோட்டில் ஏறிக்கொண்டே போனது. சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு எதற்கும் எடை குறையாத ஒரே பிள்ளை அந்த வட்டாரத்தில் இதுதான் என்று அவருக்குப் பெருமை. முன்பக்கத்தில் பேர் எழுத வேண்டிய இடம் மட்டும் காலியாக இருந்தது. உஷாராணி ஒரு பேர் வைத்திருந்தாள், ஆனால் வாய்விட்டுச் சொல்லவில்லை. அதை முதலில் அத்தைக்காரி பிள்ளையின் காதில் ஓத வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளை வீட்டுப் பிள்ளை ஆகாது.

வீட்டுக்கு வந்து முப்பது கழித்து, தொட்டில் கட்டி, சர்க்கரைத் தண்ணீர் கலக்கி வைத்த நாளில் அத்தைக்காரியிடம் உஷாராணி மூன்று பேர்களைச் சொன்னாள். இந்திராதேவியின் முகம் இறுகியது.

"வேணாம்லா உஷா. போனதுக்குப் பேர் வெச்சா இருக்கிறதுங்களுக்கு ஆகாது."

"போகல அண்ணி. தூக்கிப் பாருங்க."

வந்தவர்கள் எல்லாரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள். இந்திராதேவி, கோயில் அண்டாவை ஒற்றை ஆளாய் இறக்குபவர், இரண்டு பிள்ளைகளையும் சேர்த்து அள்ளினார். ஆறு கிலோவுக்கு நீட்டிய கைகளில் ஒன்பது கிலோ வந்து உட்கார்ந்தது. அவரும் பாயில் உட்கார்ந்தார்.

"இப்படியேவா இத்தன நாளா தூக்கிக்கிட்டு இருக்கே?"

"ஆமா அண்ணி."

"நடுவுல உள்ளதுக்குப் பேரு என்னா சொன்னே?"

"முகிலினி."

இந்திராதேவி வலப்பக்கப் பிள்ளையின் காதில் யாழினி என்று மூன்று தரம் சொன்னார், இடப்பக்கப் பிள்ளையின் காதில் மகிழினி என்று மூன்று தரம் சொன்னார். பிறகு இரண்டு தலைகளுக்கும் நடுவில் குனிந்து, அந்தப் பேரையும் மூன்று தரம், அவசரப்படாமல் சொன்னார். சர்க்கரைத் தண்ணீரை நாக்கில் தொட்டு வைக்க வந்தவர்கள் இரண்டு தரத்தோடு நிறுத்தியபோது, நடுவிலும் ஒரு தரம் வைக்கச் சொல்லி அதட்டினார்.

எடை அதற்குப் பிறகும் இறங்கவில்லை, இறங்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. இப்போது பிள்ளைகளுக்கு நாலு வயது. சாயங்காலம் விளையாட்டுத் திடலில் அக்காளும் தங்கையும் சீசாவின் ஒரு முனையில் ஏறிக்கொண்டால், மறுமுனையில் தங்களில் மூன்று பேர் ஏற வேண்டும் என்பது அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும்.