நாலு நாள் ஓடிய படம்

இஸ்திரி போட்ட ராணுவச் சட்டையை அண்ணன் நீட்டியபோது, அவள் அப்பாவுக்கு நீலச் சட்டையைப் பாதி மாட்டியிருந்தாள். உயிர் போய் விறைத்த கை உள்ளே போக மறுத்தது.

"அதைக் கழட்டு. இதைப் போடு. கர்னல் வர்றார்."

"யாரு கூப்பிட்டா?"

"நான்தான் தகவல் சொன்னேன். மாலை வைக்க வர்றேன்னு அவரே சொன்னார். நாலு வார்த்தை பேசுவாராம். அப்பாவுக்கு ஒரு மரியாதை வேணாமா?"

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. "முப்பது வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டினவருக்கு டிரைவர் சட்டை போதும்."

"கர்னல் லெட்டர் குடுத்துதான் எனக்கு வேலை கிடைச்சுது. அதுலதான் உன் கல்யாணமும் நடந்துது. மறந்துடாத."

அவள் நீலச் சட்டையின் பொத்தானைப் போட்டாள்.

தெருவில் அப்பாவுக்கு ரேடியோ என்று பெயர். வாயே திறக்காத மனுஷனுக்கு இப்படி ஒரு பெயரா என்று புதிதாகக் குடிவந்தவர்கள் சிரிப்பார்கள். பட்டாளத்தில் வயர்லெஸ் பெட்டியைச் சுமந்தவர் அவர். இருபத்து மூன்று வயதில், ஒரு மொட்டை மேட்டைப் பிடிக்கத் தொண்ணூறு பேரில் ஒருவராக ஏறினார். சமையல்காரன், முடிவெட்டுகிறவன், கல்யாணமாகி நாற்பது நாளே ஆனவன் என்று எல்லாரும் வெளியே பேர் தெரியாத ஆட்கள். மூன்றாம் நாள் இறங்கியது பதினோரு பேர். கீழே கூடாரத்தில் இருந்துகொண்டு, மேட்டை விடாதே என்று உத்தரவு போட்டவர்தான் இந்தக் கர்னல். பின்னால் அவர் எழுதிய புத்தகத்தில் ஒரு வரி இருந்தது: 'பின்வாங்க அனுமதி கேட்டு எந்தச் செய்தியும் வரவில்லை, வயர்லெஸ் ஆள் கருவியைச் சரியாகக் கையாளவில்லை.'

எழுபத்தொன்பது சாவும் அப்பாவின் தலையில் விழுந்தது. அப்பா யாரிடமும் வாதாடவில்லை. ஒரே ஒருவன் மட்டும் தேடி வந்து கேட்டான், ஒரு புது டைரக்டர். அவன் எடுத்த படத்தில் பாட்டு இல்லை, ஹீரோவும் இல்லை. நாக்கு வறண்ட சாதாரணச் சிப்பாய்கள் ஒவ்வொருவராகச் செத்தார்கள், அவ்வளவுதான். நாலே நாளில் தியேட்டரை விட்டுத் தூக்கிவிட்டார்கள். அந்த நாலு நாளும் அப்பா அவளைக் கூட்டிப்போனார். அவளுக்கு ஒன்பது வயது. கடைசி நாள் தியேட்டரில் இவர்களோடு சேர்த்து எட்டு பேர்.

இப்போது துக்கம் கேட்க வந்த பக்கத்து வீட்டுக்காரர், "போன மாசம்தான் போன்ல பார்த்தேம்மா. என்ன படம்! ஏன் ஓடலைன்னே தெரியல" என்றார்.

"நீங்க யாரும் போகல. அதான் ஓடல" என்றாள். மனுஷன் நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொண்டார்.

பதினோரு மணிக்கு டைரக்டர் பஸ்ஸில் வந்து இறங்கினார். எழுபதை நெருங்கிவிட்டார், சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. அப்பாவின் காலடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, சமையலறைக்குள் அவளைத் தேடி வந்தார்.

"உங்கப்பா விஷயத்துல ஒரு தப்பு பண்ணிட்டேம்மா."

அவள் தண்ணீர் கொடுத்தாள். அவர் குடிக்காமல் பிடித்திருந்தார்.

"படத்துல அவர் ரெண்டு தடவை அனுமதி கேட்பார். நிஜத்துல மூணு தடவை கேட்டார். துப்பாக்கி, லாரியெல்லாம் ராணுவத்துல வாங்கித்தான் எடுத்தேன். மூணாவதைத் தூக்குன்னாங்க. உங்கப்பாகிட்ட போய் நின்னேன். 'தூக்கிடுங்க சார், படம் வெளிய வந்தாப் போதும்'னுட்டார்."

"மூணாவது தடவை என்ன பதில் வந்துச்சு?"

டைரக்டர் டம்ளரைக் கீழே வைத்தார். "'நீ இன்னும் பேசிட்டுத்தானே இருக்கே? அப்ப என்ன அவசரம்?'"

 தியேட்டரில் நாலு நாளும் அனுமதி கேட்கும் அந்த இடம் வந்தபோது, இருட்டில் அப்பாவின் உதடு அசைந்துகொண்டிருந்தது. 'பேசாம பாருப்பா' என்று அவள்தான் அதட்டினாள். நாலு நாளும்.

வாசலில் கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

கர்னலுக்கு எண்பது தாண்டியிருந்தது, ஆனால் முதுகு வளையவில்லை. டிரைவர் மலர் வளையத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தான். அண்ணன் கூட்டத்தை விலக்கி வழிசெய்தான். வளையத்தை வைத்துவிட்டுக் கர்னல் தொண்டையைச் செருமினார்.

"இவர் ஒரு நல்ல சிப்பாய். அன்னிக்கு மட்டும் கருவி கைகொடுத்திருந்தா..."

"கருவி நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள் அவள்.

அவள் கர்னலுக்கு எதிரே போய் நின்றாள்.

"மூணாவது தடவை எங்கப்பா கேட்டப்ப நீங்க என்ன சொன்னீங்க?"

"இது துக்க வீடும்மா."

"தெரியும். செத்துப்போனது எங்கப்பாதான். என்ன சொன்னீங்க?"

"வாயை மூடுடி!" அண்ணன் அவள் தோளைப் பிடித்து இழுத்தான். அவள் உதறினாள்.

"நீங்க சொல்ல மாட்டீங்க. நான் சொல்றேன். 'நீ இன்னும் பேசிட்டுத்தானே இருக்கே? அப்ப என்ன அவசரம்?' சொன்னீங்களா, இல்லையா?"

கர்னலின் கண்கள் கூட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றின. சமையலறை வாசலில் நின்ற டைரக்டரைக் கண்டு நின்றன.

"இதை உனக்கு யார் சொன்னது?"

பொய் என்று அவர் சொல்லவில்லை. அண்ணனின் கை அவள் தோளிலிருந்து மெல்ல இறங்கியது.

அவள் குனிந்து வளையத்தை எடுத்து டிரைவரின் கையில் கொடுத்தாள். அவளைத் தடுப்பான் என்று கர்னல் அண்ணனைப் பார்த்தார்.  அண்ணனின் காது சிவந்திருந்தது. அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அப்பாவின் தலைமாட்டுக்குப் போனான்.

"அப்பாவைத் தூக்க நேரமாச்சு. கொஞ்சம் வழி விடுங்க சார்."

 கர்னல் நகர்ந்தார்.

தெருவை அடைத்துக்கொண்டு இரண்டு பள்ளிப் பேருந்துகள் நின்றன. கூட வேலை பார்த்த டிரைவர்கள் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள். கர்னல் ஏறிய கார் முன்னால் போக வழியில்லை. கர்னலின் டிரைவர் ஒருமுறை ஹாரன் அடித்தான், பிறகு அடிக்கவில்லை. பேருந்தை ஓரங்கட்ட யாரும் எழவில்லை. ஜன்னலுக்கு வெளியே கழுத்தை நீட்டிப் பார்த்தபடி, தெருமுனை வரைக்கும் அவன் காரைப் பின்னாலேயே எடுத்துக்கொண்டு போனான்.