இல்லை என்று சொன்னவள்

ஜஹானாரா கற்பூரத்தை நுணுக்கிக்கொண்டிருந்தாள். மையித்தைச் சுற்றும் வெள்ளைக் கபன் துணியில் தூவுவதற்கு. அவள் செய்ய வேண்டிய வேலை இல்லை அது. வந்திருந்த பெண்களில் யாராவது செய்திருப்பார்கள். ஆனால் விடிந்ததிலிருந்து எல்லோரும் அவளைப் பிடித்துப் பிடித்து உட்கார வைத்துக்கொண்டிருந்தார்கள். கைக்கு ஏதாவது வேண்டியிருந்தது. சின்ன உரலை இழுத்து வைத்துக்கொண்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பக்கத்துச் சந்தில் தார்ப்பாய் கட்டி மறைத்து, ஆண்கள் அயூபைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். காலைத் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்யப் போன மனுஷன். குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறதே என்று எழுந்துபோய்ப் பார்த்தவள் அவள்தான். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தமாதிரி இருந்தார். முதலில் குழாயை மூடினாள். பிறகுதான் கூப்பிட்டாள்.

"அண்ணி."

கொல்லைக் கதவருகே துளசிங்கம் நின்றுகொண்டிருந்தார். முடிச்சூர்க்காரர். ஒரு காலத்தில் நெல் போட்ட குடும்பம், இப்போது அதே நிலத்தை மனை மனையாகப் பிரித்து விற்றுக்கொண்டிருந்தது. அயூபின் நீண்டகாலச் சிநேகிதர். பெருநாளென்றால் பிரியாணிக்கு முதலில் வந்து உட்காருகிற ஆள்.

ஜஹானாரா முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டாள். "உள்ள வாங்களேன்."

"இல்ல, இங்கியே நிக்கறேன். இந்த நேரத்துல இத்த கேக்கக் கூடாதுதான்..." அவர் சந்துப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பாய் இடுப்புல கட்டிகினு இருப்பாரே பெல்ட்டு, அத்த உங்ககிட்டதான குடுத்தாங்க?"

"ஆமா. கட்டில் மேல கிடக்குது."

"அதுல ஒரு பெரிய சாவி இருக்கும். குடுத்தீங்கன்னா மத்தத நான் பாத்துக்குவேன்."

"எதோட சாவி?"

"நம்ம கொட்டாய் சாவிதான் அண்ணி. முடிச்சூர் கொட்டாய்."

அந்தக் கொட்டகை அவளுக்குத் தெரியும். சிமெண்டு போட்டு வைக்கத் துளசிங்கம் கட்டியது. "அங்க எங்க பொருள் என்ன இருக்கு?"

துளசிங்கம் அவள் முகத்தைப் பார்த்தார். வாயைத் திறந்துவிட்டோம், இனி மூடி என்ன பயன் என்பது போல ஒரு பெருமூச்சு விட்டார்.

"அரிசி அண்ணி. பொங்கல் முடிஞ்சு வாங்கிப் போட்டது. பொன்னியும் கீது, இட்லி அரிசியும் கீது. முந்நூறு மூட்டைக்குக் கொறையாது. நாளைக்கு லாரி வரச் சொல்லியிருந்தாரு. ஆபீசருங்க வேற குடோன் குடோனா பாத்துகினு வர்றாங்களாம். எடம் என்துது. மாட்டினா நான்தான் கம்பி எண்ணணும்."

உரலில் குழவி நின்றுவிட்டது.

"எங்கிட்ட ஒண்ணும் சொல்லலையே அவரு."

"உங்ககிட்ட எப்படிச் சொல்வாரு?" துளசிங்கம் அவளைத் தேற்றுகிற குரலில் சொன்னார். "தப்பா எடுத்துக்காதீங்க. பாய் உங்களப் பத்தி அவ்ளோ பெருமையா பேசுவாரு. 'அவளுக்குப் பொய் சொல்ல வராது துளசி. நான் இல்லன்னு சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டான். அவ இல்லன்னு சொன்னா தெருவே நம்பும்'னு வாய்க்கு வாய் சொல்வாரு."

நல்ல வார்த்தை சொன்ன திருப்தியோடு அவர் நின்றுகொண்டிருந்தார். ஜஹானாரா உரலுக்குள் பார்த்தாள். கற்பூர நெடி கண்ணில் ஏறியது.

"சாவி என்கிட்டயே இருக்கட்டும்" என்றாள்.

"அண்ணி, லாரி..."

"வேணாம்னு சொல்லிடுங்க."

உள்ளறையிலிருந்து நாத்தனார் மைமூன் கனைத்தாள். கணவனை இழந்தவள் வேற்று ஆணோடு இவ்வளவு நேரம் பேசக் கூடாது என்பதற்கான கனைப்பு. துளசிங்கம் தலையைச் சொறிந்துகொண்டே போய்விட்டார்.

அயூபின் மளிகைக் கடை தாம்பரம் மேற்கில். வீடு பீர்க்கன்கரணையில், ஏரிக்குப் போகிற தெருவில். கடைக்குப் போய் மூட்டையாக வாங்க முடியாத பெண்கள் வீட்டுக்கு வருவார்கள். பக்கவாட்டுக் கதவைத் திறந்து ஜஹானாரா படியால் அளந்து போடுவாள். அள்ளுகிற கை கொஞ்சம் தாராளமான கை என்று தெருவுக்கே தெரியும்.

அந்த வருடம் அரிசி விலை காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று ஏறியது. எங்கெங்கோ நாடுகளில் ஜனங்கள் அரிசிக்காகத் தெருவில் அடித்துக்கொள்வதை டிவியில் காட்டினார்கள். மாசி மாதம் ஒருநாள் அயூப் சொன்னார்: "இனிமே பக்கத்துக் கதவத் திறக்காத. ஆந்திரா லோடு வரல. கடைக்கே ஸ்டாக் இல்ல." அதோடு நிறுத்தவில்லை. "ஊரே அரிசிக்கு அலையுது, நாம மட்டும் மூணு வேளையும் சோறு தின்னா அல்லா பொறுப்பானா? வெள்ளிக்கிழமை மட்டும் சோறு ஆக்கு. மத்த நாளைக்குக் கோதுமையே போதும்."

அன்று ராத்திரி அவளுக்குத் தூக்கம் வரவில்லை, பெருமையில். வியாபாரிக்கு வாழ்க்கைப்பட்டும் இப்படி ஒரு மனசுக்காரனாக வாய்த்ததே என்று நினைத்தாள். அதன் பிறகு பையோடு வந்த ஒவ்வொருத்தியிடமும் சொன்னாள்: "சத்தியமா இல்லம்மா. எங்க வீட்லயே கோதுமதான்." யாரும் இரண்டாம் முறை கேட்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

தெருமுனையில் இட்லிக் கடை போட்டிருந்த பச்சையம்மாவும் அப்படித்தான் போனாள். புருஷன் இல்லாதவள், ஒரு பெண்ணை வைத்துக்கொண்டு அந்தக் கடையில்தான் பிழைப்பு. கடை தொடங்கிய நாளிலிருந்து அவளுக்கு அரிசி இந்தக் கதவுதான். அரிசி நின்றதும் இட்லி சின்னதானது. பிறகு சாம்பார் நின்று சட்னி மட்டும் ஆனது. பிறகு அடுப்பே நின்றது. இப்போது இருட்டோடு எழுந்து, இரண்டு பஸ் மாறி, நாவலூரில் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மாடிப்படி கூட்டிவிட்டு வந்தாள்.

பங்குனியில் அயூபுக்குக் காய்ச்சல் கண்டு படுத்திருந்தபோது அந்தப் பச்சையம்மா ஒரு தூக்குப் பாத்திரத்தோடு பக்கத்துக் கதவைத் தட்டினாள். உள்ளே ரேஷன் அரிசி. கல் பொறுக்கி, புடைத்து, சுத்தமாக இருந்தது.

"காய்ச்ச ஒடம்புக்கு எந்நேரமும் கோதுமயே குடுத்துகினு இருந்தா தாங்குமாக்கா? பாய்க்குக் கஞ்சி வெச்சுக் குடு."

ஜஹானாரா அழுதுவிட்டாள். கஞ்சி வைத்து, யார் கொடுத்த அரிசி என்பதையும் சொல்லித்தான் அயூபிடம் நீட்டினாள். அவர் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு நிதானமாக, அடிவரைக்கும் குடித்தார். கிண்ணத்தைக் கொடுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"நல்லா இருந்துச்சா?"

"ம்."

காய்ச்சல் அசதி என்று அவள் போர்வையை இழுத்து மூடிவிட்டாள்.

"கற்பூரம் ரெடியாம்மா?"

மகன் ஜமீர் வாசற்படியில் நின்றிருந்தான். நாவலூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. முழங்கைவரை சட்டை நனைந்திருந்தது. தகப்பனைக் குளிப்பாட்டிய தண்ணீர்.

ஜஹானாரா பொடியைக் காகிதத்தில் வழித்தாள். கொடுக்கவில்லை. "முடிச்சூர் கொட்டாய் உனக்குத் தெரியுமா?"

நீட்டிய கை அப்படியே நின்றது. "அம்மா, இப்ப எதுக்கு அதெல்லாம்..."

"தெரியுமா தெரியாதா?"

"தெரியும்." அவன் தரையைப் பார்த்தான். "எல்லா வியாபாரியும் பண்றதுதாம்மா. போன வருஷம் பருப்புல அத்தாவுக்கு எவ்ளோ லாஸ், உங்களுக்கே தெரியும். விலை இறங்குனப்ப மொத்தமும் போச்சு. இந்த ஒரு தடவை ஏறுறப்ப புடிச்சுட்டா சரியாயிடும்னாரு. எனக்கு ஒரு ஃப்ளாட் புக் பண்ணிக் குடுத்துட்டு உக்காந்துடுவேன்னாரு."

"நீயும் எங்கூட உக்காந்து சப்பாத்திதானேடா தின்னே?"

"மதியம் ஆபீஸ் கேன்டீன்ல சாப்டுக்..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான்.

மதியம் கடையில் அயூப் என்ன சாப்பிட்டார் என்று அவள் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள வேண்டியது எல்லாம் தெரிந்துவிட்டது. அந்த வீட்டில் அல்லாவுக்குப் பயந்து கோதுமை தின்றது அவள் ஒருத்திதான்.

"தொழவைக்கிறதுக்கு முன்னாடி பள்ளிவாசல்ல எழுந்து நின்னு கேப்பேல்ல? எங்க அத்தா யாருக்காவது தீங்கு பண்ணியிருந்தா பொறுத்துக்கோங்கன்னு? அப்ப இதையும் சொல்லு."

"அம்மா, ப்ளீஸ்மா. அவரு மானம் போயிடும்."

காகிதத்தை அவள் கையிலிருந்து மெதுவாக உருவிக்கொண்டு அவன் போனான்.

சாயங்கால அஸர் தொழுகை நேரத்துக்கு அயூபைக் கூடத்தில் கிடத்தினார்கள். வெள்ளைத் துணிக்குள் முகம் மட்டும் தெரிந்தது. தாடியைச் சீவி அத்தர் தடவியிருந்தார்கள். தெருப் பெண்கள் எல்லோரும் சுவரோரமாக நின்றார்கள். பச்சையம்மா வாசற்படிக்குப் பக்கத்தில், வேலைக்குப் போகாமல் காலையிலேயே வந்து, துக்கத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் டீ கலந்து கொடுத்துக் களைத்த முகத்தோடு நின்றிருந்தாள்.

மைமூன் ஜஹானாராவின் தோளைப் பிடித்து அழைத்துவந்தாள். "கடைசியா ஒருதரம் பாத்துக்கம்மா. மனசுல ஏதாச்சும் இருந்தா பொறுத்துக்கிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. பொண்டாட்டி வாயால சொன்னாத்தான் எந்தம்பிக்குக் கபுருக் குழியில லேசா இருக்கும்."

ஜஹானாரா குனிந்தாள். புருவத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் தங்கியிருந்தது. துடைக்க விட்டுவிட்டார்கள். அவள் விரல் தானாகப் போய் அதைத் துடைத்தது. குளிர்ந்திருந்தது. இத்தனை வருடத்தில் இந்த முகத்தில் தனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று நேற்றுவரை யார் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாள்.

"சொல்லும்மா. நேரமாவுது."

கூடம் காத்திருந்தது. வெளியே ஆண்கள் செருப்பைக் கழற்றிவிட்டுச் சந்தூக்குப் பெட்டியைத் தூக்கத் தயாராக நின்றார்கள்.

"பச்சையம்மாகிட்ட கேளுங்க" என்றாள் ஜஹானாரா.

எல்லாத் தலையும் வாசற்படிப் பக்கம் திரும்பியது. பச்சையம்மா ஒன்றும் புரியாமல் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

"அவ பொறுத்துக்கட்டும். அப்புறம் நான் சொல்றேன்."

"பாவம், புத்தி பேதலிச்சுப்போச்சு" என்றது ஒரு குரல். மைமூன் ஜஹானாராவின் தலையைத் தன் மார்போடு அணைத்து அழுத்திக்கொண்டாள். பிறகு வாசலைப் பார்த்து, தானே உரக்கச் சொன்னாள்: "பொறுத்துக்கிட்டா, பொறுத்துக்கிட்டா. நீங்க தூக்குங்க."

கலிமா ஓதிக்கொண்டு தூக்கிப் போனார்கள். சத்தம் தெரு திரும்பிக் கரைகிறவரை ஜஹானாரா மைமூனின் அணைப்புக்குள்ளேயே இருந்தாள். அவள் தலையை விடுவித்துக்கொண்டபோது கூடம் பாதி காலியாகியிருந்தது.

சாவு வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்று அடுத்த வீட்டிலிருந்து சோறும் பருப்பும் வந்தன. பச்சையம்மா ஒரு தட்டில் போட்டு எடுத்துவந்து ஜஹானாராவின் எதிரே பாயில் உட்கார்ந்தாள். தானே பிசைந்து ஒரு வாய் உருட்டினாள்.

"விடிஞ்சதுலேர்ந்து பச்சத்தண்ணி கூட குடிக்கல நீ. ஒரு வாய் வாங்கிக்கக்கா."

ஜஹானாரா வாயைத் திறக்கவில்லை.

"இன்னாத்துக்குக்கா எம்பேரச் சொன்ன? நான் இன்னா பாயைப் பொறுத்துக்கறது? எனக்கு இன்னா பண்ணாரு அவரு?"

ஜஹானாரா சொன்னாள். கொட்டகையை, மூட்டைகளை, வரவிருந்த லாரியை. குரலைத் தாழ்த்தவில்லை. மைமூன் இரண்டு முறை குறுக்கே புகுந்து தடுத்துப் பார்த்தாள். பிறகு எழுந்து உள்ளே போய்விட்டாள்.

பச்சையம்மாவின் கை உருட்டிய சோற்றோடு தட்டில் இறங்கியது.

"முந்நூறு மூட்டையா?"

"ஆமா."

"இட்லி அரிசியுமா?"

"ஆமா."

பச்சையம்மா குனிந்துகொண்டாள். தட்டில் விரலால் சோற்றை ஒரு பக்கமாக ஒதுக்கினாள். திரும்பவும் பரப்பினாள்.

"ஒனக்கு எப்பக்கா தெரியும்?"

"இன்னிக்குக் காலையில."

பச்சையம்மா நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள். பக்கத்துக் கதவுக்கு வெளியே வெறும் பையோடு நின்றபோதெல்லாம் பார்த்த அதே முகம். அப்போது ஒருதடவையும் கேட்காததை இப்போது கேட்டாள்.

"நெசமாவா?"

"நெசமாத்தான் பச்சையம்மா."

அவள் தலையாட்டவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"சாவி எங்கிட்ட இருக்கு" என்றாள் ஜஹானாரா அவசரமாக. "அந்த அரிசி லாரி ஏறாது. நாளைக்கே எடுத்தாந்து பழைய விலைக்குப் போடச் சொல்றேன். ஜமீர் கேக்கலன்னா நான் கடையில போய் உக்காருவேன், நாலு மாசம் வீட்டோட கெடக்கணும்ங்கற இத்தாவாவது ஒண்ணாவது. நீ திரும்பக் கடை போடு."

"கடையா?" பச்சையம்மா லேசாகச் சிரித்தமாதிரி இருந்தது. "அந்த எடத்துல செல்போன் ரீசார்ஜ் கடக்காரன் வந்துட்டான்க்கா. போன மாசமே. நீ வெளிய வர்றதில்ல, பாத்திருக்க மாட்ட."

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கொல்லைக் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. தட்டைத் தேய்த்துக் கவிழ்த்து வைத்த சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. சாவு வீட்டிலிருந்து யாரும் சொல்லிக்கொண்டு போவதில்லை.

ஜஹானாரா ஜன்னலோரம் நகர்ந்தாள். தெருவிளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. அடக்கம் முடிந்து திரும்பிய ஆண்கள் கும்பலாக வந்துகொண்டிருந்தார்கள். பச்சையம்மா அவர்களுக்கு வழிவிட்டு ஓரமாக ஒதுங்கி, முந்தானையில் கையைத் துடைத்தபடி நடந்தாள். அந்தத் தெரு முழுவதும், ஏரிக்கரை திருப்பம்வரைக்கும், துடைத்துக்கொண்டே போனாள்.