ஞாயிறு சாரா, திங்கள் கார்குழலி

"பாஸ்டர், வர்ற ஞாயித்துக்கெழம எனக்கு ஞானஸ்நானம் குடுங்க."

எங்கள் எர்ணாவூர் சபையில் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். விசாவுக்கு ஜெபம் கேட்கலாம், குடிகாரப் புருஷனுக்காக உபவாசம் கேட்கலாம். இதை மட்டும் வேலை கைக்கு வருகிறவரை கேட்கவே கூடாது என்று அம்மா இரண்டு வருடமாகச் சொல்லிவந்தாள். கேட்டுவிட்டேன்.

நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மாவின் கை அப்படியே நின்றது. "அடிப்பாவி" என்றாள்.

பாஸ்டர் ஜோயல் கண்ணாடியைக் கழற்றினார். "சாரா, செவ்வாக்கெழம உனுக்கு சர்டிபிகேட் வெரிபிகேஷன். மறந்துட்டியாம்மா?"

மறப்பேனா? எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். குரூப் ஃபோர் தேறி, இளநிலை உதவியாளர் வேலை வாசல்வரை வந்து நிற்கிறது. என் சான்றிதழில் பெயர் கார்குழலி, இந்து, ஆதிதிராவிடர். ஞானஸ்நானம் எடுத்துவிட்டால் சட்டப்படி நான் பிற்படுத்தப்பட்டவள். அந்தப் பட்டியலின் கட்ஆஃபுக்கு என் மதிப்பெண் எட்டாது. வேலை போய்விடும். அதனாலேயே எங்கள் சபையில் நிறையப் பேருக்கு இரண்டு பெயர். நான் ஞாயிற்றுக்கிழமை சாரா, திங்கட்கிழமை கார்குழலி. அம்மா இங்கே மரியாள், ரேஷன் கடையில் மலர்க்கொடி. பாஸ்டரே கார்டில் ஜெயவேல்தான்.

"ஆர்டர் வரட்டும். ரெண்டு வருஷம் போவட்டும். அப்புறம் அமைதியா எடுத்துக்கலாம். கர்த்தர் இருதயத்தப் பாக்கிறவரு" என்றார் பாஸ்டர்.

"வாயப் பாக்க மாட்டாரா? 'இன்னா மதம்மா?'ன்னு ஆபீசர் கேட்டா எந்த வாயால சொல்றது? இங்க அல்லேலூயா சொல்ற வாயாலயா?"

"பேதுருவே இயேசுவத் தெரியாதுன்னு மூணு தரம் மறுதலிச்சாரு..."

"அவரு பயந்து மறுதலிச்சாரு, அப்புறம் அழுதாரு. நீங்க பிளான் போட்டு மறுதலிக்கச் சொல்றீங்க!"

பாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். "எம் பையன் காலேஜ் சீட்டும் அப்படித்தாம்மா வந்துது" என்றார் மெதுவாக. ஒளிக்காமல் சொன்னதால் அவர்மேல் இருந்த கோபம் கொஞ்சம் குறைந்தது. கொஞ்சம்தான்.

நான் ஆதிதிராவிடர் என்பது பொய் இல்லை. போன மாதம் தண்டையார்பேட்டையில் வாடகைக்கு வீடு பார்க்கப் போனோம். கிறிஸ்டியன் என்றோம். "அது சரி, அதுக்கு முன்னாடி இன்னா ஆளுங்க?" என்றாள் வீட்டுக்காரி. சாதி தண்ணீரில் கரையாது. சட்டத்துக்கு மட்டும் கரைந்துவிடுமாம். அந்தக் கோபம் தனி, அதற்கு ஒரு நாள் வைத்திருக்கிறேன். இந்து என்று நான் சொல்வதுதான் பொய்.

அம்மா துணியை வீசி எறிந்தாள். "காசிமேட்டுல இறா உரிச்சு உரிச்சு என் வெரலப் பாருடி, ரேகையே இல்ல. ஆதாருக்கு மெஷினே எடுக்க மாட்டேங்குது. நீ ஃபேன் அடில குந்தி வேலை பாப்பேன்னுதானே உரிச்சேன்? யாருடி இனிமே சோறு போடுவா?"

"பரண்ல யாரும்மா போட்டா?"

அம்மா எறிந்த துணியைக் குனிந்து எடுத்தாள்.

இரண்டாயிரத்து இருபத்து மூன்று டிசம்பர் வெள்ளம். தண்ணீரோடு எண்ணெயும் சேர்ந்து வீட்டுக்குள் ஏறியது. இந்தச் சபைச் சுவரில்கூட அந்தக் கறுப்புக் கோடு இன்னும் போகவில்லை. ஒன்றரை நாள் நானும் அம்மாவும் பரண்மேல். எனக்கு அப்போது ஜெபிக்கத் தெரியாது. "யாராவது இருந்தா வாங்க" என்றுதான் கத்தினேன். நெட்டுக்குப்பத்து ஃபைபர் படகு ஒன்று சந்துக்குள் வந்தது. ஜன்னல் வழியாக ஒரு பன் பொட்டலம் பறந்து வந்து அம்மா மடியில் விழுந்தது. "கர்த்தருதான்டி" என்று முதலில் சொன்னது நான் இல்லை, அம்மாதான்.

"அன்னிக்கு வந்தவரு இன்னிக்கு வரமாட்டாரா? மைக்கப் புடிச்சுகினு எல்லாருக்கும் நீதானே சொன்னே?"

பாஸ்டர் கடைசியாக ஒன்று கண்டுபிடித்தார். "ஞானஸ்நான டாங்க்ல தண்ணி இல்லம்மா. லாரி வரல."

"எண்ணூர்க் கடல்ல தண்ணி கீதா, பாஸ்டர்?"

அம்மா சட்டென்று சிரித்துவிட்டாள். பிறகு சிரித்துவிட்டோமே என்று அழுதாள்.

பையிலிருந்து ஒரு ரசீதை எடுத்து, பாட்டுக்கு வாசிக்கும் கீபோர்டு மேல் வைத்தேன். காலையில் திருவொற்றியூர் தபால் ஆபீசில் போட்ட ஸ்பீட் போஸ்ட். நான் கிறிஸ்தவள், ஆதிதிராவிடருக்கான அந்த இடம் எனக்கு வேண்டாம் என்று என் கையாலேயே எழுதி தேர்வாணையத்துக்கு அனுப்பியது. பாஸ்டர் அதை இரண்டு முறை பார்த்தார்.

"நீ கேக்க வந்தேன்னு நெனச்சேன்" என்றார்.

"நேரம் சொல்ல வந்தேன். ஞாயித்துக்கெழம காலைல ஆறு மணி. எண்ணூர்ல வெள்ளப் பொடவ கட்டிகினு நிப்பேன். நீங்க வந்தா நீங்க. இல்லன்னா நெட்டுக்குப்பம் சபையில கேப்பேன்."

பயமா? இருந்தது. பரணிலிருந்து இறங்கி அந்தப் படகுக்குள் குதித்தபோது இருந்த அதே பயம். வாய் நிற்காமல் சிரித்தது.

செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கினேன். பின்னாலிருந்து அம்மா கத்தினாள்:

"அடுத்த பரீட்ச எப்போடி?"

"ஜூலைம்மா!"

திரும்பவில்லை. கன்டெய்னர் லாரிகள் தெருவை அடைத்துக்கொண்டு நின்றன. நடுவில் புகுந்து வேகமாக நடந்தேன்.