மத்தியானத்தில் இளகும் விரல்கள்

கண் விழித்தவுடன் சங்கிலியம்மாள் எழுந்துவிடுவதில்லை. பாயில் கிடந்தபடியே, சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொரு விரலாக அசைத்துப் பார்ப்பாள். மூன்றாண்டுகளாக இதுவே வழக்கம். பெரும்பாலும் எதுவும் அசையாது. மூடிய கை மூடியபடியே இருக்கும். அதற்குள் அவளும் அடைபட்டுக் கிடப்பாள்.

சுருளிப்பட்டித் திராட்சைத் தோட்டங்களில் காலை ஏழு மணிக்கு வேலை தொடங்கும். பந்தலுக்குக் கீழே அண்ணாந்து நின்று, கொத்துகளிலுள்ள சூம்பிய காய்களைச் சிறு கத்தரிக்கோலால் நறுக்க வேண்டும். அந்நேரத்தில் அவளால் கத்தரிக்கோலைப் பிடிக்கவே இயலாது. வெயில் ஏற ஏற விரல்கள் இளகும். மதியத்துக்குமேல் மற்றவர்களுக்கு ஈடாக நறுக்குவாள். அதுவே அவளுக்குப் பகையாயிற்று.

"காலையில நொண்டி, மத்தியானம் குதிரை," என்றாள் பிச்சையம்மாள். அவள் வேலைக்கு ஆள் கூட்டிச் செல்பவள். சங்கிலியின் கணவன் சுருளிவேலுக்கு அக்காள். "வெயிலப் பாத்ததும் ஓடிப்போற நோவு எந்த ஊர்ல இருக்கு?"

பெண்கள் சிரித்தார்கள்.

"நெசமாத்தான் மதினி."

"அப்ப வீரபாண்டிக்கு வா. ஆத்தா முன்னால கற்பூரத்த அணைச்சுச் சத்தியம் பண்ணு."

வெள்ளிக்கிழமை விடிந்ததும் இருவரும் வீரபாண்டி கௌமாரியம்மன் கோயிலுக்குச் சென்றனர். எரியும் கற்பூரத்தை விரித்த உள்ளங்கையால் அணைப்பதே சத்தியத்தின் முறை. சங்கிலியின் கை விரியவில்லை. மறுகையால் பிரிக்க முயன்றாள். மறுகையும் மூடியே இருந்தது. கற்பூரம் தானாக எரிந்து அடங்கியது.

"மனசுல பொய் இருந்தா கை எப்பிடி நீளும்?" என்றாள் பிச்சையம்மாள்.

மறுநாளே அவளுக்கு வேலை இல்லையென்றாயிற்று. சுருளிவேல் அக்காளின் சொல்லைத் தட்டவில்லை. இயலவில்லை என்றால் நடிப்பு. இயன்றபோது உழைத்தால் நடித்ததற்குச் சாட்சி. எந்தப் பக்கமும் வாசல் இல்லை.

2007ஆம் ஆண்டு ஆடி மாதத்தில், மூட்டு வீக்கம் உள்ளவர்களின் ரத்தத்தைச் சேகரிக்க மதுரையிலிருந்து அனிதா மேரி என்ற ஆராய்ச்சி மாணவி வந்தாள். ஒப்பிட்டுப் பார்க்க, நோயில்லாதவர்களின் ரத்தமும் அவளுக்குத் தேவைப்பட்டது. பிச்சையம்மாள் தானே வந்து கையை நீட்டினாள்.

"எடு தாயி. உழைக்கிறவ ரத்தத்துக்கும் சும்மா கெடக்குறவ ரத்தத்துக்கும் வித்தியாசம் தெரியட்டும்."

ரத்தம் கொடுக்கப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சங்கிலியிடம் அனிதா கேட்டாள்: "காலையில எவ்வளவு நேரம் விரல் அசையாது?"

சங்கிலியை முந்திக்கொண்டு பிச்சையம்மாளே பதில் சொன்னாள்: "உச்சிப்பொழுது வரைக்கும். அப்புறம் சரியாயிரும். இதெல்லாம் ஒரு நோவா?"

அனிதா பேனாவைக் கீழே வைத்தாள். "அக்கா, அதுதான் இந்த நோயோட அடையாளமே. படுத்து எந்திரிச்சா இறுகும். நடமாட நடமாட இளகும்."

"அதெப்படி?"

"தோட்டத்துல தீப்பிடிச்சா ஒருத்தன் கொட்டடிச்சு ஊரக் கூப்பிடுவான். தீ அணைஞ்ச பிறகும் அவன் நிறுத்தலைன்னா? வந்த கூட்டமே கொடிய மிதிச்சு நாசமாக்கிரும். உடம்புல அப்படிக் கூப்பிடுற புரதத்துக்குக் கெமோகைன்னு பேரு. ரத்தத்துல இருக்கிற காவல்காரங்களை அது மூட்டுக்கு வரவழைக்கும். அதை உண்டாக்குற மரபணு இவங்களுக்கு வேற மாதிரி இருக்கான்னுதான் தேடுறோம். அது மட்டுந்தான் காரணமான்னு எங்களுக்கே தெரியாது."

"அப்ப இவ நடிக்கலையா?"

"நடிக்கிறவங்க மத்தியானமும் நொண்டுவாங்க அக்கா."

ஊசி குத்திய இடத்தில் பஞ்சை அழுத்தியபடி பிச்சையம்மாள் சங்கிலியின் கையைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தாள். பிறகு, "இந்த ரத்தம் எடுத்தா இவளுக்குக் குணமாகுமா?" என்றாள்.

"ஆகாது. ஆனா மதுரையில இதுக்குன்னே டாக்டர் இருக்காங்க, மாத்திரை இருக்கு. தாமதிச்சா விரல் கோணிப்போகும், கோணினது நிமிராது."

திங்கட்கிழமை காலை, தோட்டத்து வாசலில் கூடிய பெண்களிடம் பிச்சையம்மாள் சொன்னாள்: "சங்கிலி பொய் சொல்லல. உங்க முன்னால அவள அசிங்கப்படுத்துனது நானு. அதான் உங்க முன்னாலயே சொல்லுறேன். மதுரைக்குக் கூட்டிட்டுப் போறேன். இனி அவளுக்கு மத்தியானத்துக்கு மேலதான் வேலை. யாரும் வாயத் தொறக்கக் கூடாது."

பிச்சையம்மாள் போனபோது, சங்கிலி தன் வீட்டில் தலைவிரி கோலமாக அமர்ந்திருந்தாள். "நான் வரல மதினி. சீப்பைப் பிடிக்க முடியல. இப்பிடியே எப்படி பஸ் ஏறுறது?"

"எத்தன நாளாச்சு சீவி?"

"பதினோரு நாளு. மத்தியானம் கை இளகுனாலும் சீவத் தோணல."

பிச்சையம்மாள் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து சிக்கெடுக்கத் தொடங்கினாள். மதுரை வண்டி பிடிக்கக் கம்பம் போகும் எட்டு மணிப் பேருந்து ஒலியெழுப்பிக் கடந்து போயிற்று. அவள் நிமிரவில்லை. "ஒம்பதுக்கு இன்னொன்னு இருக்கு, ஆடாம இரு," என்றாள்.