மெஷின் ஓடினால்தான் கைரேகை

தெலுங்கு மாநிலத் தலைநகரில், மௌலாலியில் இருக்கும் அந்தத் திறன் பயிற்சி மையத்தில் காலை பத்து மணிக்கு முதல் வேலை போட்டோ எடுப்பது. முப்பது பெண்களுக்கு மூன்றே நீலக் கோட்டுகள். ஒருத்தி கழற்றிக் கொடுக்க அடுத்தவள் மாட்டிக்கொள்வாள். ஆள் உயரத்துக்கு நிற்கும் இயந்திரத்தின் பக்கத்தில் போய், கையில் ஒரு சின்ன இடுக்கியைப் பிடித்து, குனிந்து ஏதோ வேலை செய்வதுபோல் நிற்க வேண்டும். போட்டோ எடுத்தானதும் மேசைமேல் உள்ள கருவியில் பெருவிரலை வைத்தால் அன்றைய வருகை பதிவாகிவிடும். அப்புறம்? அப்புறம் ஒன்றும் கிடையாது. ஒரு மணி வரை ஊர்க்கதை பேசிவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

போட்டோவுக்காக மட்டும்தான் இயந்திரத்தின் பிளாஸ்டிக் உறையை எடுப்பார்கள். அது வந்து ஒன்றரை வருடமாகிறது, ஒரு நாள்கூட ஓடியதில்லை. ஓட வேண்டுமானால் த்ரீ பேஸ் மின்சாரம் வேண்டும். மையத்துக்கு இருப்பதோ நாலு மின்விசிறிக்குப் போதுமான இணைப்பு. யார் கேட்கப் போகிறார்கள்? பயிற்சி நடந்ததற்கு மேலிடம் கேட்கும் சாட்சி போட்டோவும் கைரேகையும்தான். இரண்டும் நாள் தவறாமல் போய்க்கொண்டிருந்தன.

முப்பது பேரும் ஒரே தொழிற்சாலையிலிருந்து வந்தவர்கள். அவர்களில் மங்கையர்க்கரசி ஒருத்தி. மங்கை என்றால்தான் அவளுக்கே தெரியும். தாத்தா காலத்தில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயில்வே பட்டறை வேலைக்கு வந்து லாலாகுடாவில் தங்கிவிட்ட குடும்பம். நாற்பத்தொரு வயது. குஷாயிகுடாவில் மின்சார மீட்டர் செய்யும் அந்தத் தொழிற்சாலையில் பதினான்கு வருடமாகக் கையால் ஈயம் பற்றவைக்கும் வேலை. அந்த வேலைக்குத்தான் இப்போது வேட்டு வைத்துவிட்டார்கள். பயிற்சி மையத்தில் இருப்பது போலவே, கடுகளவு பாகங்களைத் தானே பொறுக்கி மீட்டரின் மின்சுற்றுப் பலகையில் வைக்கும் இயந்திரங்கள் வந்து இறங்கிவிட்டன. மூன்று மாதத்தில் பயிற்சிச் சான்றிதழோடு வாருங்கள், இயந்திரத்தில் சோதனை வைப்போம், தேறினால் ஆபரேட்டர் வேலை, தேறாவிட்டால் வீட்டுக்குப் போகலாம் என்று கம்பெனி சொல்லிவிட்டது. மங்கையின் கணவர் முதுகில் அறுவைசிகிச்சை ஆகி ஒரு வருடமாகப் படுக்கையில் இருக்கிறார். அவள் சம்பளம் நின்றால் அந்த வீட்டில் அடுப்பும் நின்றுவிடும்.

ஐம்பது நாள் அவளும் கோட்டை மாட்டிக்கொண்டு குனிந்து நின்றாள். ஐம்பத்தோராவது நாள், வரிசையில் முன்னால் நின்ற நாகம்மா கழற்றி நீட்டிய கோட்டை வாங்கவில்லை. போட்டோ எடுத்துக்கொண்டிருந்த பயிற்சியாளர் இர்பானைப் பார்த்து, "சார், ஒண்ணு கேக்கறேன். நீங்க எப்பவாவது இந்த மெஷின ஓட்டிக்கீறீங்களா?" என்றாள்.

இர்பான் வாணியம்பாடிக்காரன். டிப்ளமா படித்தவன். நல்ல பையன் என்பதால் பொய்யைச் சரளமாகச் சொல்ல வராது. "இல்லக்கா," என்றான். "நானும் போட்டோலதான் பாத்திருக்கேன்."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மங்கை சிரிக்கவில்லை.

"அப்ப ஃபேக்டரில டெஸ்ட் வெக்கிற அன்னிக்கு, இடுக்கிய புடிச்சிக்கினு குனிஞ்சி நின்னா பாஸ் போட்ருவாங்களா?"

"ஏட்டி மங்கை, ஒனக்கு எதுக்கு இந்த வம்பு?" என்று பின்னாலிருந்து ஆக்னஸ் அதட்டினாள். தொழிற்சாலையில் மங்கைக்குப் பக்கத்து இருக்கைக்காரி. அல்வாலில் இருக்கிறாள், பூர்வீகம் பாளையங்கோட்டை. கணவன் இல்லை, மகள் நர்சிங் படிக்கிறாள். "நீ வாயக் கிளறி இந்தக் கிளாஸையே மூடிட்டான்னா சர்டிபிகேட்டுக்கு எங்க போவ? ஊரு பூரா இப்படித்தான் நடக்கு."

"ஹவ், ஆமா, ஊரு பூரா நடக்குது. ஊரு பூரா வேல போயி குந்திக்கினும் கீது."

சாப்பாட்டு நேரத்தில் இர்பான் மங்கையிடம் வந்தான். காலையில் சொன்ன வார்த்தை அவனுக்கே உறுத்திக்கொண்டிருந்தது. "அக்கா, நான் சொன்னேன்னு தெரிய வேணாம். நூத்துக்கு எம்பது பேர் கைரேகை விழலேன்னா சென்டருக்கு மேலிடத்துலருந்து அந்த மாசப் பணம் வராது" என்றான்.

இவ்வளவு நாளும் அந்தப் பெண்கள் என்ன நினைத்திருந்தார்கள்? ஏதோ தங்களுக்குப் பெரிய உபகாரம் நடக்கிறது, அதற்கு நன்றியாக விரலை வைக்கிறோம் என்று. உபகாரம் செய்துகொண்டிருந்தது இவர்கள். வாங்கித் தின்றுகொண்டிருந்தது மையம்.

மங்கை அந்தக் கருவியின் பக்கத்தில் போய் நின்று சொன்னாள். "மெஷின் ஓடற வரிக்கும் நான் வெரல் வெக்க மாட்டேன். தினம் வருவேன், குந்துவேன். ஆனா வெரல் வெக்க மாட்டேன். யாருக்கு வேல வோணுமோ அவங்களும் வெக்காதீங்க."

அன்றைக்கு அவளோடு நின்றது நாகம்மா ஒருத்திதான். மற்றவர்கள் காதில் விழாத மாதிரி வரிசையில் போய் விரலை வைத்துவிட்டு வந்தார்கள். ஆக்னஸ் முதல் ஆளாக வைத்தாள்.

மறுநாள் மையத்தின் தலைவர் தண்டபாணி காரில் வந்து இறங்கினார். கோயம்புத்தூர்க்காரர். பேச்சில் தேன் ஒழுகும். "ஏன் அம்மிணி, நம்ம தமிழ்ப் பொண்ணுங்களே இப்படிப் பண்ணலாமுங்களா? உங்களுக்காகத்தானே இவ்ளோ பாடு படறேன்?"

"கரண்ட் குடுங்க சார். அது போதும்."

"அது பெரிய செலவு அம்மிணி. அதுவுமில்லாம எல்லாருக்கும் கத்துக்குடுத்து என்னுங்க ஆகப்போவுது? முப்பது பேர்ல பத்துப் பேருக்கு வேலை கிடைச்சாப் போதுமுங்க. எங்க டார்கெட்டே அவ்ளோதான்."

தேன் ஒழுகும் வாய்க்குத் தாழ்ப்பாள் கிடையாது. அவர் அதைச் சொல்லிவிட்டு இயல்பாகக் கைக்குட்டையால் முகம் துடைத்தார். முப்பது பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பத்துப் பேர் யார்? மிச்ச இருபது பேர் யார்? மூன்றாம் நாள் காலை இருபத்தாறு பேர் கருவியின் பக்கமே போகவில்லை. ஆக்னஸும் இன்னும் மூன்று பேரும் மட்டும் விரலை வைத்தார்கள்.

தண்டபாணி மிரட்டிப் பார்த்தார், பெயரை அடித்துவிடுவேன் என்றார். வீடுகளுக்குப் போன் போட்டார். நாகம்மாவின் மாமியாரிடம் உங்கள் மருமகள் கட்சியில் சேர்ந்துவிட்டாள் என்று தெலுங்கில் ஓதினார். பெண்கள் தினமும் பத்து மணிக்கு வந்து, போர்த்தி வைத்த இயந்திரத்துக்கு எதிரே பெஞ்சு போட்டு உட்கார்ந்து, ஐந்து மணிக்குப் போனார்கள். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களை எந்தப் போலீசைக் கூப்பிட்டு என்ன சொல்வது? எட்டாம் நாள் காலையில் தடித்த கேபிள் சுருளோடு மின்வாரிய ஆட்கள் வந்து நின்றார்கள்.

அன்றே இயந்திரம் ஓட, இருபத்தாறு பேரும் மறுபடி விரல் வைத்தார்கள். மிச்சம் பதினெட்டு நாள்தான் இருந்தது. இர்பான் கையேட்டை ஒரு கையிலும், ஸ்ரீபெரும்புதூரில் வேலை செய்யும் சிநேகிதனைப் போனில் ஒரு காதிலும் வைத்துக்கொண்டு பெண்களோடு சேர்ந்து தானும் கற்றான். அதில் அவனுக்கு வெட்கமில்லை. ஒன்றரை வருடம் சும்மா கிடந்த இயந்திரம் மணிக்கொரு தடவை சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றது. பாகங்கள் ஒட்டிவரும் நாடா சிக்கும், உறிஞ்சு முனை அடைக்கும். ஏன் நின்றது என்று கண்டுபிடித்து, பிரித்து, துடைத்து, மறுபடி ஓட விடுவதே பாடமாகிவிட்டது. ஆளுக்கு அரை மணி முறை போட்டு மாலை ஆறு வரை நின்றார்கள்.

ஆக்னஸ் மட்டும் தன் முறை வரும்போதெல்லாம் பக்கத்தில் இருப்பவளுக்குக் கொடுத்துவிடுவாள்.

"கை வெக்கவா பயப்படற? வா, நான் கூட நிக்கிறேன்," என்று மங்கை கூப்பிட்டாள்.

"எனக்கு வேண்டாம்ட்டி. ஒடச்சிட்டேன்னா யாரு பதில் சொல்லது? சர்டிபிகேட் எப்படியும் வந்துரும்லா."

வந்தது. சான்றிதழ் கொடுத்த நாளில் இருபத்தொன்பது பெயர்களைக் கூப்பிட்டார்கள், மங்கையின் பெயர் இல்லை. ஏழு நாள் வருகை குறைவாம். அவளோடு விரல் வைக்காமல் இருந்த மற்ற இருபத்தைந்து பேருக்கும் அந்த நாட்கள் எப்படியோ நிரம்பிவிட்டன. இவளுக்கு மட்டும் சட்டம் சட்டமாக நின்றது. "ரூல்ஸ் அப்படிங்க அம்மிணி, நான் என்ன பண்ண முடியும்," என்று தண்டபாணி கையை விரித்தார்.

மங்கைக்கு அழுகை வந்தது, அதை அந்த ஆள் முன்னால் காட்டக் கூடாது என்று விழுங்கினாள். "நீங்களே வெச்சிக்கிங்க சார். காகிதம் உங்களுது. கத்துக்கினது என்னுது, அத உங்களால புடுங்க முடியாது."

சோதனை நாளில் தொழிற்சாலை வாசலில் பணியாளர் பிரிவு அதிகாரி பாலசுப்ரமணியன் சான்றிதழ்களை வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தார். மங்கையைப் பார்த்ததும், "சர்டிபிகேட் இல்லாம உள்ள விட முடியாதும்மா" என்றார்.

"பதினாலு வருஷமா இதே கேட்ல வந்துக்கினு இருக்கேன் சார். காகிதமா வந்து மெஷின ஓட்டப் போவுது? அஞ்சு நிமிஷம் குடுங்க. ஓட்டத் தெரிலன்னா நானே போயிடறேன்."

அவர் தலையை ஆட்டினார். மங்கை நகரவில்லை. பின்னால் வரிசை நீண்டது, நாகம்மா உட்படப் பலர் மங்கைக்காக முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். சத்தம் கேட்டு, புது இயந்திரப் பிரிவின் பொறியாளர் சௌம்யா வெளியே வந்தாள். விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, "டெஸ்ட் வைக்கிறது நான்தானே சார்? கடைசியா இவங்களையும் பாத்துடறேன். வேலை தெரியலேன்னா நான் அனுப்பிடறேன்," என்றாள்.

உள்ளே ஒவ்வொருவராக இயந்திரத்தின் முன் நின்றார்கள். சௌம்யா வேண்டுமென்றே ஒரு கோளாறைச் செய்து வைத்திருந்தாள். நாலாவது பலகையில் சிவப்பு விளக்கு எரிந்து எல்லாம் நின்றுவிடும். ஆக்னஸின் முறையில் அது எரிந்தபோது அவள் திரையையும் சௌம்யாவையும் மாறி மாறிப் பார்த்தாள். எந்தக் கதவைத் திறப்பது என்றுகூடத் தெரியவில்லை.

"பதட்டப்படாதீங்கம்மா. உங்களுக்கு ஏ கிரேடு போட்டிருக்காங்களே. ஒரு நாள்கூட லீவே இல்லைன்னு எழுதியிருக்கு" என்றாள் சௌம்யா. அவள் குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள். ஆக்னஸ் வெளியே போனாள்.

கடைசியாக மங்கை. சிவப்பு விளக்கு எரிந்ததும் நாடாவைப் பார்த்தாள், சரியாக இருந்தது. முனையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தாள். அடைத்திருந்தது. துடைத்து மாட்டி, கதவை மூடி, பொத்தானை அழுத்தினாள். மௌலாலியில் அந்தக் கிழட்டு மெஷின் செய்யாத அழிச்சாட்டியமா இது? ஓடத் தொடங்கியதும் முதல் பலகையை எடுத்துக் கண்ணருகே வைத்து ஒவ்வொரு பாகமாகச் சரிபார்த்த பிறகுதான் அடுத்ததை விட்டாள். சௌம்யா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "திங்கக்கிழமை காலை ஷிஃப்டுக்கு வந்துடுங்கக்கா," என்றாள்.

இருபத்திரண்டு பேர் தேறினார்கள், எட்டுப் பேர் தேறவில்லை. மங்கை சந்தோஷத்தில் வீட்டுக்குப் போன் செய்யப் போனவள், வாசல் சுவரோரம் ஆக்னஸ் நிற்பதைப் பார்த்து நின்றுவிட்டாள். மகளின் படிப்பு நடுவில் நிற்கிறது, பதினான்கு வருட வேலை போய்விட்டது. என்ன சொல்லித் தேற்றுவது?

பாலசுப்ரமணியன் ஆக்னஸிடம் சான்றிதழைத் திருப்பி நீட்டினார். "பத்திரமா வச்சுக்கோங்கம்மா. மூணு மாசத்துல இன்னொரு டெஸ்ட் இருக்கு, அப்ப வேணும்."

ஆக்னஸ் வாங்கிப் பார்த்தாள். முத்திரை பளபளவென்று இருந்தது.

"மூணு மாசம் எதுக்கு சார், இது நாளைக்கே வேணும். இதக் கொண்டுபோயி அந்தத் தண்டபாணி மூஞ்சிக்கு நேரா நீட்டி, ஏ கிரேடுன்னு போட்டியே, எதுக்குடா போட்டன்னு கேக்கப் போறேன்." சான்றிதழை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். "கத்துக்குடுக்காம காயிதம் குடுக்கவன் திருடன். தெரிஞ்சும் கைய நீட்டி வாங்குனேன் பாரு, நான் அவனுக்குக் கூட்டாளி. எழுவத்தஞ்சு நாளும் வெரல் வச்சேனே, அது என் நாளு. மெஷின் முன்னால நிக்க வச்சி அதத் திருப்பித் தரணும். தாற வரைக்கும் அங்க ஒரு பயலும் புதுசா வெரல் வைக்க விட மாட்டேன்."

"எட்டுப் பேரும் போலாம்," என்றாள் மங்கை. "நானும் வர்றேன். எனக்கு திங்கக்கிழமதான் டூட்டி."

"வந்து எனக்காகப் பேசக் கூடாது. பக்கத்துல நின்னாப் போதும்," என்றாள் ஆக்னஸ். கண்ணைத் துடைத்துக்கொண்டு, தேறாத மற்ற ஏழு பேரையும் கையசைத்துக் கூப்பிட்டாள். "ஏட்டி, எல்லாரும் இங்க வாங்க. அழுதது போதும். வேல கத்துக்குடுன்னு கேக்கது பிச்ச இல்ல, நம்ம பாத்தியதை. கேக்காம இருந்ததுதான் நாம பண்ண தப்பு. நாளைக்குப் பத்து மணிக்கு யாராரு வாறிய, இப்பவே சொல்லுங்க."