இல்லாத இரண்டு மாப்பிள்ளைகள்

அசாரை ஒழித்துக்கட்டத்தான் சித்திகா அந்தப் பழைய லேப்டாப்பை வாங்கினாள். மேற்குத் தாம்பரத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்த பிரசன்னாவிடம் வேறு காரணம் சொன்னாள். இருவரும் கல்லூரியில் ஒரே வகுப்பு.

"எத்திக்கல் ஹேக்கிங் கத்துக்கப் போறேன். அதுக்கு ஏத்த மாதிரி இத ரெடி பண்ணிக் குடு."

"ஸ்கேன் சென்டர் ரிசப்ஷன்ல இருக்கிறவளுக்கு இது எதுக்கு?"

"வேற வேலை தேடலாம்னு."

பிரசன்னா அதற்கு மேல் கேட்கவில்லை. ரமலான் முடிந்ததும் சித்திகாவுக்கு நடக்க இருந்த கல்யாணம் நின்றுபோனது அவனுக்கும் தெரியும். ஏன் நின்றது என்பது தெரியாது.

மாப்பிள்ளை மொஹ்சின் மேடவாக்கத்துக்காரன். நிச்சயம் முடிந்து, மண்டபமும் பேசியாயிற்று. ஒருநாள் மத்தியானம் சித்திகாவின் இன்ஸ்டாகிராம் கணக்கிலிருந்து மொஹ்சினின் அக்காவுக்கு வரிசையாகச் செய்திகள் போயின. 'எனக்கு வேற ஒருத்தர் இருக்கார். எங்க அத்தா கட்டாயத்துக்குத்தான் உங்க தம்பிக்குச் சம்மதிச்சேன். கல்யாணம் ஆனாலும் அவர மறக்க மாட்டேன்.' சித்திகா அந்த நேரம் குரோம்பேட்டையில் நோயாளிகளுக்கு டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தாள். விஷயம் காதுக்கு வந்து அவள் போனை எடுத்துப் பார்த்தபோது அவள் கணக்கில் எதுவுமே இல்லை, எல்லாம் அழிக்கப்பட்டிருந்தது. மொஹ்சின் வீட்டார் அவளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. நிச்சயத் தட்டுச் சாமான்களை ஆட்டோவில் திருப்பி அனுப்பினார்கள். அவளுடைய அத்தா மைதீன் பிச்சை அதன்பிறகு கீழ்க்கட்டளைப் பள்ளிவாசலில் முன்வரிசையில் நிற்பதை விட்டுவிட்டார். கடைசி வரிசையில் தொழுதுவிட்டு யாருக்கும் முன்னால் வெளியே வந்துவிடுவார்.

இதைச் செய்தது தாய்மாமன் மகன் அசார்தான் என்பதில் சித்திகாவுக்குத் துளியும் சந்தேகம் இல்லை. அவனுக்குக் கட்டிக்கொடுக்கச் சொல்லி மாமா கேட்டபோது, "ஏசி மெக்கானிக்க நான் கட்டிக்க மாட்டேன்" என்று அவன் காதுபடவே சொன்னவள் அவள். கல்யாணம் நின்ற வாரமே அவனை வாசலில் நிறுத்தி, "இனிமே இந்த வீட்டுப்படி ஏறாத" என்றாள். அவன் மறுத்தான். யாரும் நம்பவில்லை. அவனுடைய தங்கை தபஸ்ஸும் மட்டும் பல்லாவரத்திலிருந்து வெள்ளிதோறும் வந்து சித்திகாவின் தலையை மடியில் போட்டுக்கொண்டு தானும் அழுதாள்.

பிரசன்னா லேப்டாப்பில் மெமரியைக் கூட்டி, புது எஸ்எஸ்டி போட்டான்.

"இந்த மெஷினுக்குள்ளயே இன்னும் ரெண்டு மெஷின் ஓடணும், அதான் மெமரி. ஒண்ணு அடிக்கிறது. இன்னொண்ணு அடி வாங்குறது. பழகுறவங்களுக்காகவே ஓட்டை ஓட்டையா செஞ்சு வச்ச மெஷின் அது. ரெண்டும் ஒண்ணோட ஒண்ணுதான் பேசும். உங்க வீட்டு வைஃபைகூட அதுங்களுக்குத் தெரியக் கூடாது. வெளிய எவனோட மெஷினையாவது அவன் சம்மதம் இல்லாம தொட்டேன்னு வை, அது படிப்பு இல்ல, கேஸு."

"நீயே எல்லாம் போட்டுக் குடுத்துடேன்."

"நான் போட்டா எனக்குத்தான் வரும். வீட்டுக்குப் போய் நீ போடு. மாட்டிக்கிட்டா கூப்பிடு."

முதல் நாளே மாட்டிக்கொண்டாள். மெஷினுக்குள் மெஷினை ஓட்டும் விர்ச்சுவல் பாக்ஸை நிறுவி, அதற்குள் அடிக்கிற மெஷினான காளி லினக்ஸை ஏற்றி ஓடவிட்டால், ஒரு பிழைச் செய்தியைக் காட்டிவிட்டு நின்றது. திரும்ப நிறுவினாள். திரும்ப நின்றது. பிரசன்னாவைக் கூப்பிட்டதும் அவன் சிரித்தான். "பயாஸ்ல விர்ச்சுவலைசேஷன் ஆஃப்ல இருக்கும். ஸ்டார்ட் ஆகும்போதே உள்ள போய் ஆன் பண்ணு." பண்ணினாள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மளமளவென்று ஓடின.

அடி வாங்கும் மெஷினுக்குப் பெயர் வைக்கச் சொல்லிக் கேட்டது. சித்திகா யோசிக்காமல் 'அசார்' என்று அடித்தாள்.

வேலை முடிந்து வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். 'அசார்' மெஷினுக்குள் நுழைய எந்தக் கதவுகள் திறந்திருக்கின்றன என்று தட்டிப் பார்ப்பது, அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன ஓடுகிறது, அது எவ்வளவு பழசு என்று விசாரிப்பது. பாதி புரியவில்லை. வீடியோவில் வந்தவன் பேசிய வேகத்துக்கு நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கட்டளையை அடித்துவிட்டுக் காத்திருந்தபோது, திரை ஒரு கணம் சும்மா இருந்துவிட்டு உள்ளே விட்டது. 'நான் யார்' என்று கேட்கும் கட்டளையைப் போட்டாள். 'ரூட்' என்று பதில் வந்தது. அந்த மெஷினில் இனி அவள் வைத்ததுதான் சட்டம்.

சித்திகா கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கல்யாணம் நின்றபிறகு வந்த முதல் சிரிப்பு. அசாரின் கோப்புகளை ஒவ்வொன்றாக அழித்தாள். பிறகு மெஷினைப் பழைய நிலைக்குத் திருப்பி, மறுபடி உடைத்தாள். ஒரே ஆளை எத்தனை முறை வேண்டுமானாலும் அடிக்க முடிந்தது அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

ஆனால் அது போதவில்லை. அடுத்த வாரம் கடைக்குப் போய், பேச்சோடு பேச்சாகக் கேட்டாள்.

"ஒருத்தரோட போனுக்குள்ள போறதுக்கு எதுல ஆரம்பிக்கணும்?"

பிரசன்னா கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தான். "யார் போனு?"

அவள் முதலில் மழுப்பினாள். பிறகு எல்லாவற்றையும் கொட்டினாள்.

"அவன் போன்ல நீ கைய வச்சா நாளைக்கு குத்தவாளி நீதான்," என்றான் அவன். "உள்ள போறத மட்டும்தான் பாத்திருக்க. வர்றவனப் பிடிக்கிறதுக்குப் பொய்யா ஒரு மெஷினத் திறந்து வப்பாங்க, அதைப் படிச்சியா? ஹனிபாட்."

"படிச்சேன். உண்மையான ஆளுங்களுக்கு அதுகிட்ட வேலையே இருக்காது. யார் வந்து தொட்டாலும் அவன் திருடன்."

"அவ்ளோதான். நீ அவன் வீட்டுக்குப் போகாத. அவன் உன்கிட்ட வரட்டும்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டான். "ஒண்ணு மட்டும் வைக்காத. நீ சந்தேகப்படாத பக்கமும் ஒண்ணு வை. இல்லன்னா எது வந்தாலும் அவன்தான்னு முடிவு கட்டிடுவ."

சித்திகா இரண்டு மாப்பிள்ளைகளை உருவாக்கினாள். ஒருவன் ஆம்பூரில் தோல் ஏற்றுமதி செய்பவன். இன்னொருவன் கிருஷ்ணகிரியில் பல் டாக்டர். இரண்டு பேருக்கும் இன்ஸ்டாகிராமில் கணக்குத் திறந்து, முகம் தெரியாத படங்களாகப் போட்டு நிரப்பினாள். ஆம்பூர்க்காரனைப் பற்றி மாமாவுக்குப் போன் செய்து சொன்னாள், கணக்கின் பெயர் உட்பட. மாமா எதைக் கேட்டாலும் அதே மூச்சில் அசாரிடம் சொல்லிவிடுவார், மகளிடம் இந்தப் பேச்சையெல்லாம் எடுக்க மாட்டார். பல் டாக்டரை, பிரசன்னா சொன்னானே என்பதற்காக, கணக்கின் பெயரோடு தபஸ்ஸுமின் காதில் போட்டாள்.

"வேற யாருக்கும் தெரியாது. அம்மாகிட்டகூட சொல்லல."

"அல்லாஹ் நல்லது பண்ணுவான் சித்திகா," என்று தபஸ்ஸும் அவள் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள்.

ஆம்பூர்க்காரனின் கணக்கைச் சித்திகா சாப்பிடும்போதும் திறந்து பார்த்தாள். பஸ்ஸில் பார்த்தாள். ஸ்கேன் சென்டரில் மேஜைக்கு அடியில் வைத்துப் பார்த்தாள். எதுவும் வரவில்லை. அவன் உஷாராகிவிட்டான் என்று நினைத்தாள்.

செய்தி பல் டாக்டருக்கு வந்திருந்தது. பெயரில்லாத ஒரு கணக்கு. 'இந்தப் பொண்ண நம்பாதீங்க. ஏற்கெனவே ஒரு நிச்சயம் நின்னு போச்சு. இவளுக்கு வேற ஆள் இருக்கு. ஆதாரம் அனுப்புறேன்.' கூடவே மொஹ்சினின் அக்காவுக்குப் போன அதே செய்திகளின் படங்கள். அழிப்பதற்கு முன், சித்திகாவின் கணக்கிலிருந்தே எடுத்த படங்கள்.

சித்திகா அந்தப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தாள். தான் போட்ட மருதாணி டிசைன்களின் படங்களை ஏற்றித் தரச் சொல்லி எப்போதோ தபஸ்ஸுமின் போனில் தன் கணக்கைத் திறந்து கொடுத்தது நினைவுக்கு வந்தது. அதைத் திருப்பி மூடவே இல்லை. எதையும் யாரும் உடைக்கவில்லை, சாவியை அவளே கொடுத்திருந்தாள். அந்தச் செய்திகளை அடித்தவை வெள்ளிக்கிழமைகளில் அவள் தலையைத் தடவிய விரல்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாமா குடும்பத்தை மத்தியானச் சாப்பாட்டுக்கு அழைத்தாள். அசாரையும் கட்டாயம் கூட்டிவரச் சொன்னாள். அவன் தயங்கித் தயங்கித்தான் உள்ளே வந்தான். சாப்பிட்டு முடிந்ததும் சித்திகா லேப்டாப்பை நடுக்கூடத்தில் வைத்தாள்.

"தபு, இத சத்தமா படி."

தபஸ்ஸும் திரையைப் பார்த்தாள். முகம் வெளுத்தது.

"இது... எனக்கு எப்படித் தெரியும்?"

"அந்த டாக்டர் நான்தான். அப்படி ஒருத்தன் இருக்கான்னு உனக்கு மட்டும்தான் சொன்னேன். படி."

தபஸ்ஸும் படிக்கவில்லை. குரல் உடைந்து கத்தினாள். "எங்க அண்ணன நீ என்ன பேச்சு பேசின! அன்னிக்கு ராத்திரிலருந்து அவன் மனுஷனாவே இல்ல. அவன் அழுதத நீ பாத்தியா? நான் பாத்தேன். நீ மட்டும் பட்டுப்புடவை கட்டிக்கிட்டு சந்தோஷமா போயிடுவியா?"

மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். அசார் எழுந்தான். தங்கையிடம், "நான் உன்ன கேட்டேனா? எனக்காகன்னு இன்னாத்துக்கு இத பண்ண?" என்றான். பிறகு சித்திகாவைப் பார்த்தான். "நீயும் ஒண்ணு கேட்டுக்கோ. இவ்ளோ நாள் தெருவுல தலை நிமிர்ந்து நடக்க முடியல என்னால. இப்ப கண்டுபுடிச்சத அப்பவே கண்டுபுடிச்சிட்டு பேசியிருக்கலாம்."

"மச்சான், நான்..."

"இன்னா மச்சான்? வாணாம்."

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். சித்திகா வாசல்வரை போய்த் திரும்பினாள். சொல்ல வேண்டியதை அவனிடம் என்றைக்காவது சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் அன்றைய வேலை இன்னும் முடியவில்லை. மொஹ்சினின் அக்கா எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, தபஸ்ஸுமின் கையில் கொடுத்தாள். தபஸ்ஸும் அழுதுகொண்டே ஒன்று விடாமல் சொன்னாள். கதவோரம் நின்றிருந்த மைதீன் பிச்சை எல்லாவற்றையும் கேட்டார்.

மறுநாள் மொஹ்சினின் அம்மா கூப்பிட்டார். "நடந்தது நடந்து போச்சும்மா. பையன் இன்னும் உன்ன நினைச்சுக்கிட்டுதான் இருக்கான். திரும்பப் பேசலாமா?"

"அன்னிக்கு என்னக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேக்கல நீங்க. இன்னிக்கு நீங்க கேக்குறதுக்கு மட்டும் நான் பதில் சொல்லணுமா?" என்று சித்திகா போனை வைத்தாள். அந்த அம்மாள் பலமுறை கூப்பிட்டார். அவள் எடுக்கவே இல்லை. ஒவ்வொரு முறை மணி அடித்து ஓயும்போதும் அவளுக்கு இனித்தது.

ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து தபஸ்ஸுமுக்குச் சம்பந்தம் கூடி வந்தது. அவள் தனியாக வந்து சித்திகாவின் காலடியில் உட்கார்ந்தாள்.

"நான் டாக்டருக்கு அனுப்பின படத்தையெல்லாம் அழிச்சுட்டேன்னு மட்டும் சொல்லு சித்திகா. அது மாப்பிள்ளை வீட்டுக்குப் போனா நான் செத்தேன்."

"சொல்ல மாட்டேன்."

"அனுப்புவியா?"

"அதையும் சொல்ல மாட்டேன்."

நிக்காஹ் பல்லாவரத்தில் நடந்தது. சித்திகா நல்ல பட்டாகக் கட்டிக்கொண்டு, பெண்கள் பக்கத்தில் முதல் வரிசையில், மணப்பெண்ணுக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். மாப்பிள்ளையின் அம்மா பக்கத்து நாற்காலியில் இருந்தார். சித்திகா அவரிடம் அன்பாகப் பேசினாள். பேச்சுக்கு நடுவே போனைக் கையில் எடுத்தாள். மேடையில் தபஸ்ஸுமின் முகத்தில் ரத்தம் வற்றியது. கீழே வைத்தாள். அந்த முகம் மெல்லத் தெளிந்தது.

சித்திகா மறுபடியும் போனை எடுத்தாள்.